கை வேறு

ஜனவரி 6

என் பட்டாளத்து மகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உன் அம்மாதான் பிரித்தாள். "என் பேருக்குத்தானே வந்திருக்கு?" என்றேன். "உங்க பேருக்கு வந்ததுல கரண்டு பில்லைத் தவிர வேற எதைப் பிரிச்சிருக்கீங்க?" என்றாள். அவள் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. மீதிப் பாதி இதைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் பழைய ராணுவத் தகவல் தொடர்புக் கம்பெனிக்கு அறுபது வயது முடிகிறது என்பதும், அதன் வரலாற்றை எழுதும் வேலையை உன் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதும் படித்துச் சந்தோஷம். நான் இருந்த கம்பெனியிலேயே நீயும் போய்ச் சேர்ந்தபோது, இந்தக் குடும்பத்துக்கு வேறு வேலையே கிடைக்காதா என்று உன் மாமா கேட்டார். இப்போது அவருக்குப் பதில் சொல்லலாம். நான் கம்பெனியில் இருந்தவன், நீ கம்பெனியை எழுதுகிறவள்.

நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்கிறாய். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். அதனால் மற்றவர்களைவிட எட்டாம் வகுப்பு எனக்கு நன்றாகத் தெரியும், ஒன்பதாம் வகுப்பு தெரியவே தெரியாது. போனில் சொல்லலாம் என்றால், பதினாலு வருஷம் ஹெட்போனுக்குள் தலையை வைத்திருந்ததில் இடது காது முழுக்கவும் வலது காது முக்காலும் போய்விட்டது. தகவல் தொடர்புக்காரனோடு போனில் பேச முடியாது என்பதையே உன் புத்தகத்தின் முதல் வரியாகப் போடலாம்.

எனக்குத் தெரிந்தது இதுதான். நான் குன்றின் மேல் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த காவலிடத்திலிருந்து செய்தி வரும். எட்டாத தூரம் என்பதால் நான் நடுவில் வாங்கித் தலைமையகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். எல்லாம் புள்ளியும் கோடுமாகத் தட்டுகிற மோர்ஸ், எல்லாம் ரகசியக் குறி. ஐந்தைந்து எழுத்தாக, தலையும் வாலும் இல்லாமல் வரும். பதினாலு வருஷத்தில் ஆயிரக்கணக்கான செய்தி என் கை வழியாகப் போயிற்று. ஒன்றிலும் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. குழாய்க்குத் தண்ணீரின் ருசி தெரியுமா?

ஒன்று மட்டும் தெரியும். ஒரே எழுத்தை நூறு பேர் தட்டினால் நூறு விதமாகக் கேட்கும். ஒருவன் ஓடுவான், ஒருவன் இழுப்பான், ஒருவன் நடுவில் மூச்சு வாங்குவான். அதை நாங்கள் 'கை' என்போம். முகத்தையே பார்க்காத ஆளைக் கையை வைத்துத் தெரிந்துகொள்வோம். என் கை மகா சலிப்பு என்று கேள்வி.

மற்றபடி என் சட்டைக் கையிலிருந்த பதவிப் பட்டை போன கதை உனக்கே தெரியும். ஹெட்போனோடு தூங்கி, மேஜர் வந்ததும் பதறி எழுந்து சல்யூட் அடித்து, வயர் இழுத்து, வயர்லெஸ் செட்டு அவர் கால் விரலில் விழுந்தது. வேண்டுமானால் அதைப் போட்டுக்கொள். படிக்கிறவர்கள் ஒரு பக்கமாவது சிரிக்கட்டும்.

அம்மா நலம். நான் வீட்டுக் கதவைத் தட்டுகிற அழகைப் பற்றி அவள் புகார் இன்னும் தீரவில்லை. "ரெண்டு தட்டு ஒழுங்காத் தட்டத் தெரியாதா? முதல் தட்டுக்கு எழுந்திருக்கிறதா, ரெண்டாவதுக்குக் காத்திருக்கிறதா?" என்கிறாள்.

ஒண்ணேகால் காதுள்ள... இல்லை, கால் காதுள்ள
அப்பா

ஜனவரி 19

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பதிவறையில் உட்கார்ந்து படித்தேன். வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வதால் இங்கே காகிதத்தைத் தவிர வேறு துணை இல்லை.

நீங்கள் இந்த அறையைப் பார்க்க வேண்டும். கூரை வரைக்கும் இரும்பு அலமாரி. அறுபது வருஷத்து லாக் புத்தகங்கள். பதினொரு பேரும் இரண்டு கேபிள் உருளையுமாகத் தொடங்கிய கம்பெனி இது. முதல் வருஷத்துப் புத்தகத்தில், பள்ளத்தாக்கைத் தாண்டி ஒருவர் தொலைபேசிக் கம்பியைத் தோளில் சுமந்துகொண்டு மூன்று நாள் நடந்த குறிப்பு இருக்கிறது. நாலாம் நாள் பகுதியில் ஒரே வரி: "மணி அடித்தது." நாங்கள் இப்போது ஒரு பொத்தானை அழுத்தி வானத்துக்கு அனுப்பி வானத்திலிருந்து வாங்குகிறோம். அந்த ஒரு மணிச்சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் குன்றின் புத்தகங்களையும் எடுத்தேன். உங்கள் கையெழுத்தைத் தேட வேண்டியதே இல்லை. மளிகைச் சீட்டில் இருக்கும் அதே வால் நீண்ட ஏழு.

ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். போர் நடந்த வருஷம். காலை 10.20க்கு ஆற்றங்கரைக் காவலிடத்திலிருந்து செய்தி வாங்கியிருக்கிறீர்கள். மேலே அனுப்பிய நேரம் 11.00. மற்ற எல்லாச் செய்தியும் மூன்று நிமிஷத்தில், நாலு நிமிஷத்தில் போயிருக்கிறது. இது நாற்பது. குறிப்புப் பத்தியில் 10.20க்கு எதிரே இரண்டே சொல்: "கை வேறு." 11.00க்கு எதிரே இன்னும் இரண்டு: "அவன் கைதான்."

அன்று என்ன நடந்தது?

மகள்

பிப்ரவரி 2

மகளுக்கு,

நாற்பத்தோரு வருஷம் ஆயிற்று. முந்தாநாள் கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பதே நினைவில்லை (குளியலறையில் இருந்தது). அந்தப் பக்கத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. செட்டில் ஏதோ கோளாறு என்று வைத்துக்கொள். கேபிள்காரர் கதையைப் பெரிதாக எழுது, அவர்கள்தான் கால் தேய்ந்தவர்கள். என் பக்கத்தைப் புத்தகத்தில் போட வேண்டாம்.

இங்கே மழை. என் ரிப்பேர் கடைக்கு எரிந்துபோன மின்விசிறி மோட்டார் ஏழு வந்திருக்கிறது, சுருள் சுற்றவே நேரம் சரியாக இருக்கிறது.

அப்பா

பிப்ரவரி 14

அப்பாவுக்கு,

செட்டில் கோளாறு இல்லை. உங்கள் விசாரணைத் தாளைக் கண்டுபிடித்துவிட்டேன். "அவசரச் செய்தி ஒன்றைத் தன் இஷ்டத்துக்கு நாற்பது நிமிடம் நிறுத்திவைத்த குற்றத்துக்காக ஒரு பட்டை பறிக்கப்பட்டது." மேஜரின் கால் விரலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் அந்தத் தூக்கக் கதையை நடித்துக் காட்டியிருக்கிறேன். என் கல்யாணத்தில் நீங்களே மைக்கைப் பிடித்துச் சொன்னீர்கள். இங்கே எனக்குக் கீழே இருக்கிற பன்னிரண்டு பேருக்கும் அது மனப்பாடம். யாராவது கொட்டாவி விட்டால், "மேடம் அப்பா மாதிரி ஆயிடாதே" என்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். முப்பது வருஷமாக உங்களைப் பார்த்து என்னைச் சிரிக்கவைத்திருக்கிறீர்கள், அப்பா. எதற்கு?

புத்தகத்தை மே மாதம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தை நான் விட்டுவிட்டால், கம்பெனி வரலாற்றில் உங்களைப் பற்றி மிஞ்சுவது அந்தக் குற்ற வரி மட்டும்தான். நீங்கள் சொல்லாவிட்டால் அதைத்தான் போடுவேன். மகள் என்பதற்காக மறைத்தேன் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக் கூடாது.

எழுதுங்கள்.

மகள்

மார்ச் 1

மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எனக்கு அந்த மேஜர் கதை முதல் நாளே பொய்னு தெரியும். நீங்க தூங்குனா குறட்டைச் சத்தத்துக்கு எதிரியே ஓடிப்போயிருப்பான்" என்றாள். பிறகு, "அவகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லாததையும் சேர்த்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சொல்கிறேன்.

ஆற்றங்கரைக் காவலிடத்தில் தந்தி தட்டியவனுக்கு நாங்கள் வைத்த பெயர் விக்கல். நீளக் கோடு ஒன்று தட்டினால் அடுத்ததற்குப் போகுமுன் தொண்டையில் ஏதோ மாட்டியதுபோல் ஒரு சின்ன இடறல் வரும். பயிற்சியில் எத்தனையோ பேர் திருத்திப் பார்த்தும் போகவில்லையாம். இரண்டு வருஷம் தினமும் அவனோடு பேசினேன். முகத்தைப் பார்த்ததில்லை, உண்மைப் பெயரும் தெரியாது. ஆனால் அவனுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குத் தெரியும். வீட்டுக் கடிதம் வந்திருந்தால் தெரியும், அன்றைக்கு வேகமாகத் தட்டுவான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சட்டப் புத்தகத்தில் கிடையாது. வேலை முடிந்து விலகும்போது கடைசியாக இரண்டு புள்ளி தட்டுவோம். 'வரட்டுமா' என்று அர்த்தம். மற்றவனும் இரண்டு தட்டுவான், 'சரி போ' என்று. விக்கல் தட்டினால் இரண்டு புள்ளிக்கும் நடுவிலும் அந்த இடறல் வரும். டிட். பிறகு ஒரு மனசுமாற்றம் போல. பிறகு டிட்.

அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு, வேறொரு குன்றில் ஒரு பொய்ச் செய்தி வந்தது. நம்முடைய குறிப் புத்தகம் ஒன்று எதிரி கையில் சிக்கியிருந்தது. எல்லாக் குறியும் சரியாக இருந்ததால் அங்கிருந்தவர் மேலே அனுப்பிவிட்டார். அதை நம்பிப் போன வண்டியில் ஒன்பது பேர். வண்டியும் திரும்பவில்லை.

பிறகு அந்தக் காலை. குன்றில் இருவர்தான். தலைமையகத்துக்குப் போகும் தொலைபேசிக் கம்பி அறுந்திருந்ததால் மற்றவர் அதைத் தேடி இறங்கிவிட்டார். 10.20க்கு ஆற்றங்கரையிலிருந்து அழைப்பு. அழைப்புக்குறி சரி. செய்தி ஐந்தைந்து எழுத்தாக வந்தது. எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. இடறலே இல்லை. மெதுவாக, சுத்தமாக, பள்ளிப் பிள்ளை நாலுகோடு நோட்டில் எழுதியதுபோல் ஒரு கை. விக்கல் இல்லை.

அன்றைய அடையாளக் குறியைக் கேட்டேன். சரியான பதில். மறுபடி வேறொன்று கேட்டேன். சரியான பதில். புத்தகம் சிக்கியிருந்தால் எதிரியும் சரியாகத்தானே சொல்வான்? அதனால் கேட்டுக்கொண்டே இருந்தேன். திருப்பி அனுப்பு என்றேன், எழுத்தை எண்ணிச் சொல் என்றேன். அவனைப் பேசவைத்தால் கை எங்காவது தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நினைத்தேன். போதாததற்கு ஒலியும் சரியில்லை. ஒரே சுருதியில் நிற்காமல் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். அதையும் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

நாற்பது நிமிஷம். கடைசியில் அந்தப் பக்கம் இருந்தவன் அலுத்துவிட்டான். இரண்டு புள்ளி தட்டினான். டிட். நடுவில் அந்த இடறல். டிட்.

நான் பதில் புள்ளி தட்டக்கூட நிற்கவில்லை. அடுத்த நொடியே செய்தியை மேலே அனுப்பினேன்.

விசாரணையில்தான் அதில் என்ன இருந்தது என்று சொன்னார்கள். "மூவர் காயம். உடனே வண்டி வேண்டும்." விக்கலின் வலது கை சிதைந்திருந்தது. இடது கையால் தட்டியிருக்கிறான். அதனால்தான் சுத்தமாக இருந்தது. வண்டி போய் ஏற்றி வந்தது. மருத்துவமனையில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். மூவரில் ஒருவர் அங்கே சமையல் வேலை பார்த்தவர். வந்து சேரும்போது உயிர் இல்லை. விசாரணைக்கு வந்த மருத்துவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனாலும் நான் இருக்கும்போதுதான் சொன்னார்: "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

மேஜர் கத்தவில்லை. "உன் வேலை கேக்கிறது, அனுப்புறது. யோசிக்கிறதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க" என்றார். பட்டையைப் பிய்த்தபோது உண்மையில் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

குட்டி, நீ நாலு வயதில் என் பழைய சட்டையைப் பார்த்து, "ஏன் இந்தக் கையில நூல் தொங்குது?" என்று கேட்டாய். உனக்கு என்ன சொல்வது? தூங்கிவிட்டேன் என்றேன். நீ சிரித்தாய். அவ்வளவு நன்றாகச் சிரித்தாய். அதற்குப் பிறகு அந்த மேஜரின் கால் விரல் தானாகவே வளர்ந்துவிட்டது.

இனி உன் இஷ்டம்.

அப்பா

மார்ச் 23

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். முதலில் ஒன்று: பிப்ரவரி கடிதத்தில் நான் எழுதிய தோரணைக்கு மன்னித்துவிடுங்கள். மேஜர்கள் போட்ட தாளைப் படித்துப் படித்து எனக்கும் அந்தக் குரல் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது: விக்கல் இருக்கிறார். உயிரோடு.

ஓய்வூதியப் பதிவில் முகவரி கிடைத்தது. அரை நாள் பேருந்து. கடைத்தெருவில் ஒரு மாடி, அங்கே ஒரு சந்தா நூலகம், அதில் வேலை பார்க்கிறார். நான் படியேறிக்கொண்டிருந்தேன். மேலே யாரோ புத்தகத்துக்குத் தேதி முத்திரை குத்துகிற சத்தம். அட்டையில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று. டக். பிறகு ஒரு இடறல். டக்.

நான் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்பா, அது நம் வீட்டுக் கதவு. சின்ன வயதிலிருந்து, நீங்கள் கடையிலிருந்து வந்துவிட்டீர்கள் என்பதற்கு எனக்கு அதுதான் அடையாளம். அம்மா திட்டுகிற அந்தத் தட்டு. நாற்பத்தோரு வருஷமாக நீங்கள் அவருடைய கையால் நம் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கே தெரியுமா?

இடறல் வலது கையில் இருந்ததே இல்லை. வலது கை போய் நாற்பத்தோரு வருஷம் ஆகிறது, இடறல் அப்படியே இருக்கிறது. இடது கை புதிதாகப் பழகியபோது கொஞ்ச நேரம் மறைந்திருந்தது, அவ்வளவுதான். அது ஆளுக்குள் இருந்திருக்கிறது.

நான் யார் என்று சொன்னதும் முத்திரையைக் கீழே வைத்தார். "கொத்தனார் மகளா நீ?" என்றார். அங்கே உங்களுக்கு அதுதான் பெயராம். "உங்கப்பா எழுத்தை எல்லாம் செங்கல் மாதிரி வரிசையா அடுக்குவாருமா. ஒண்ணுகூடக் கோணாது. கேட்டா தூக்கம் வரும், ஆனா தப்பே வராது."

உங்கள் மேல் கோபமா என்று கேட்டேன். "இல்லாமலா? கை தொங்குது, இவன் என்னடான்னா எழுத்தை எண்ணிச் சொல்லுங்கிறான். அன்னிக்கு நேர்ல இருந்திருந்தா கடிச்சிருப்பேன்" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ யோசிச்சேன். இந்த உலகத்துல என் கையை அவ்வளவு தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கானேன்னு. என் பொண்டாட்டிகூட அப்படி என்னைக் கவனிச்சதில்ல" என்றார்.

இன்னொன்று சொன்னார். அதை உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நம் வீட்டில் மறைத்தது போதும். அங்கே பேட்டரி தீர்ந்திருந்தது. செட்டுக்கு மின்சாரம் வர, கையால் சுற்றும் ஜெனரேட்டரை யாராவது சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்குக் காலில் அடி, மயக்கம். சுற்றியது அந்தச் சமையல்காரர். வயிற்றில் காயத்தோடு, நாற்பது நிமிஷமும் அவர்தான் சுற்றினார். நீங்கள் கேட்ட, ஏறி இறங்கிய அந்தச் சுருதி அவர்தான், அப்பா.

ஏப்ரல் 20 அன்று பழைய ஆட்கள் எல்லோரும் கம்பெனி உணவுக்கூடத்தில் கூடுகிறார்கள். விக்கல் வருகிறார். நீங்களும் வர வேண்டும்.

மகள்

ஏப்ரல் 3

மகளுக்கு,

மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. நீ எழுதியது சரிதான்.

நான் வரவில்லை. அவரிடம் போய் என்ன சொல்வேன்? அந்த மனிதர் சுற்றச் சுற்ற நான் எழுத்தை எண்ணச் சொல்லியிருக்கிறேன். இந்த மூன்று நாளாகக் கடையில் சுருள் சுற்றும் கைப்பிடியைத் தொடவே முடியவில்லை. மோட்டார் எல்லாம் அப்படியே கிடக்கிறது.

அம்மா என் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக் கட்டிலில் வைத்திருக்கிறாள். நான் எடுத்துப் பரணில் போட்டேன். மறுபடி கட்டிலில் இருக்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. என் காதைச் சாக்கு சொல்ல முடியாதபடி சண்டை போட அவளுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

அப்பா

ஏப்ரல் 11

அப்பாவுக்கு,

விழா நாளில் நான் அங்கே இருக்க மாட்டேன். கோபுரப் பழுதுபார்ப்புக்கு என்னை அனுப்பிவிட்டார்கள். எந்தக் கோபுரம் தெரியுமா? உங்கள் குன்று. இந்தக் கடிதத்தை அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

கொட்டகை இல்லை. ஆளே இல்லாமல் இயங்கும் இரும்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஆனால் சிமெண்டுத் தரை அப்படியே இருக்கிறது. மேசையை முடுக்கிய நாலு துளை தெரிகிறது. அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தேன். அந்தக் காவலிடம் இங்கிருந்து ஒரு புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்தா ஒரு மனிதனின் கையைத் தெரிந்துகொண்டீர்கள்? என் தலைக்கு மேலே இந்தக் கோபுரம் ஒரு நொடிக்கு லட்சம் பேரின் பேச்சை வாங்கி அனுப்புகிறது. அதற்கு ஒருவரைக்கூடத் தெரியாது.

நான் இல்லாவிட்டாலும் போங்கள். பேச வேண்டாம். எதிரே உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

மகள்

ஏப்ரல் 22

என் குன்றுக்கரசிக்கு,

போனேன். பெட்டி ஆறாவது தடவையும் கட்டிலுக்கு வந்தபோது தோற்றுப்போனேன்.

உணவுக்கூடத்தில் அறுபது எழுபது கிழவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், யாருக்கும் காது கேட்கவில்லை. தகவல் தொடர்புக் கம்பெனியின் மொத்த வரலாறும் அந்த ஒரு அறையில் தெரிந்தது. கம்பி சுமந்தவர்களைக் காலை வைத்தும், எங்களைக் காதை வைத்தும் அடையாளம் கண்டுபிடிக்கலாம். நான் ஓரமாக ஒரு நீள மேசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். விக்கல் யார் என்று தேடவில்லை. முகம் தெரியாது என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். வலது கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதனால் யாருடைய கையையும் பார்க்காமல் என் டீயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டீயில் பார்க்க ஒன்றும் இல்லை.

என் இரண்டு உள்ளங்கையும் மேசைமேல் இருந்தன. திடீரென்று பலகை வழியாக ஏதோ ஏறி வந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. உள்ளங்கைக்குள் வந்தது. ஒரு தட்டு. நடுவில் அந்த இடறல். ஒரு தட்டு.

குட்டி, அறை நிறைய ஆள், அத்தனை சத்தத்தில் ஒன்றுகூட என்னை எட்டவில்லை. அந்த இரண்டு மட்டும் நாற்பத்தோரு வருஷத்தைத் தாண்டி நேராக என் கைக்கு வந்து நின்றன. நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஒல்லியாக, பெரிய கண்ணாடி போட்ட ஒரு ஆள். நான் மனதில் வைத்திருந்தவன் குண்டு. இரண்டு வருஷம் ஒரு குண்டு ஆளோடு பேசியிருக்கிறேன்!

நான் எப்படி இருப்பேன் என்றும், பேசினால் எனக்குக் கேட்காது என்றும் நீ அவரிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறாய் போல. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து இடது கையால் எழுதிக் காட்டினார். அந்தக் கையெழுத்தும் நாலுகோடு நோட்டுப் பிள்ளை மாதிரிதான். "ஏன்யா, டீயில என்ன தேடுற?"

நான் அதே நோட்டில் சமையல்காரரைப் பற்றிக் கேட்டேன். எப்போது போனார், அந்த நாற்பது நிமிஷம் இல்லாவிட்டால் இருந்திருப்பாரா என்று. அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எழுதினார். அந்தத் தாளைக் கிழித்துக் கொடுக்கச் சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். அப்படியே தருகிறேன்:

"தெரியாது. அவருக்கு முதுகைக் காட்டித்தான் உக்காந்திருந்தேன். வண்டியிலயும் திரும்பிப் பாக்கல, பயம். எனக்கும் நாப்பத்தோரு வருஷமாத் தெரியாது. ஆனா பாதியில நான் கத்தினேன், இவன் நம்பமாட்டான், விட்டுரலாம், கையை நிறுத்துங்கண்ணேன்னு. அவரு நிறுத்தல. 'கேக்குறான்ல, பதில் சொல்லு. இவ்வளவு கேக்குறவன் பதில் கிடைச்சதும் விடமாட்டான், கட்டாயம் அனுப்புவான்'னாரு. நீ அனுப்புன."

நான் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ரயிலில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அந்த மனிதர் எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அவருக்கு மோர்ஸ் தெரியாது. ஆனாலும் நாற்பது நிமிஷம் நான் கேட்டது அவரைத்தான். கை தளர்ந்தபோது சுருதி இறங்கியது. மூச்சை இழுத்துப் பிடித்தபோது ஏறியது. நான் அதைக் கோளாறு என்று நினைத்தேன். என் பதினாலு வருஷத்தில் குறியாக மாற்றாமல் எனக்கு வந்த ஒரே செய்தி அதுதான், அதை எழுதிக்கொள்ளவே இல்லை.

அதனால் அந்தப் பக்கத்தைப் புத்தகத்தில் போடு. குற்ற வரியையும் போடு, அது உண்மைதானே. ஆனால் ஒன்று செய். அங்கே மாட்டியிருந்த கம்பெனிப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன், அந்தச் சமையல்காரர் அதில் இல்லை. வேறு படைப்பிரிவிலிருந்து இரவலாக வந்தவராம். இருக்கட்டும். அவர் சுற்றாவிட்டால் அன்றைக்கு விக்கலுக்கும் கை இல்லை, எனக்கும் காது இல்லை. அவரைத் தகவல் தொடர்புக்காரர்கள் பட்டியலில் சேர். உன் மேலதிகாரி மறுத்தால், உன் வேலை கேட்கிறதும் அனுப்புறதும் மட்டும் இல்லை என்று அப்பா சொன்னதாகச் சொல். பட்டை போனால் போகட்டும். நூல் தொங்குகிற சட்டை நம் வீட்டில் ஒன்று இருக்கிறது, இன்னொன்றும் இருக்கலாம்.

அம்மா கதவைத் திறந்ததும், "எப்படி இருந்தாரு?" என்று கேட்டாள். "ஒல்லியா இருக்காரு" என்றேன். இன்று காலை கடையில் ஒரு மோட்டாருக்குச் சுருள் சுற்றினேன். மெதுவாகத்தான்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். விடைபெறுகிற நேரம் அவர் எழுந்து நின்று, ஒரு விரலால் மேசையில் மறுபடி இரண்டு தட்டினார். அன்றைக்கு நான் பதில் போடாமல் போனவன் இல்லையா? இப்போது அவசரம் ஒன்றும் இல்லை. கையை எடுத்து, செங்கல் வைக்கிற மாதிரி, நிறுத்தி, நேராக, இரண்டு தட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் மேசைமேல் கை வைத்து வாங்கிக்கொண்டார். பிறகு போனார்.

கொத்தனாராகிய
உன் அப்பா